பல்லக்கு திரும்பும் வரை

வெள்ளைத்தாளை அளவெடுத்து வெட்டி முடித்த பிறகுதான், இன்று அதை ஒட்டக்கூடாது என்பது சிகுசாவுக்கு உறைத்தது.

வீட்டில் சாவு விழுந்தால் கூடத்துச் சாமி மாடத்தை வெள்ளைத்தாளால் மூட வேண்டும். மூடிவிட்டால் தீட்டு வந்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். தீட்டு வந்த வீட்டுப் பூசாரி ஐம்பது நாள் கோயில் வாயிலைத் தாண்ட முடியாது. இன்று மதியம் திருவிழா; பூசாரி அவள் அப்பா.

தாளை மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினாள். உள்ளறையில் அம்மா ஃபுசாயே படுத்திருந்தாள். விடிந்த கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. பஞ்சை நீரில் நனைத்து உதட்டை ஈரப்படுத்தியதெல்லாம் சிகுசா ஒருத்திதான். அப்பா கூப்பிடு தூரத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நோன்புக் குடிலில் இருந்தார். திருவிழாவுக்கு முந்தைய வாரம் முழுக்க அங்கேதான் இருப்பார். வீட்டு அடுப்பில் சமைத்ததைத் தொடமாட்டார். நோயாளியின் அறைக்குள் வரமாட்டார்.

"பல்லக்கு கடற்கரைக்குப் போயிட்டுத் திரும்புற வரைக்கும் நான் சாகலை, தெரிஞ்சுதா?" என்று முந்தாநாள் அம்மா சொல்லியிருந்தாள். "இந்த வீட்டுக்கு வந்த மருமக திருவிழாவைக் கெடுத்தான்னு பேர் வேண்டாம். உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே."

"அப்படியெல்லாம் பேசாதம்மா."

"பேசாம செத்துட்டா நீ என்ன செய்வே? ஒப்பாரி வச்சு ஊரைக் கூட்டுவே. ஆயிரம் வருஷமா நிக்காத திருவிழாடி. உங்கப்பாவைக் கேட்டா ஆயிரத்து இருநூறும்பார். கல்யாணமான புதுசுல தொள்ளாயிரம்னுதான் சொன்னார்."

சிரிக்கப்போய் இருமல் வந்து, அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சமையலறைப் பின்வாசலில் குரல் கேட்டது. மீனவர் சங்கத்து ஹமசாகி, வீட்டுக்குள் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றார். குடிலில் தனி நெருப்பு மூட்டி அப்பாவுக்குச் சமைக்கிற முறை இந்த வருடம் அவருடையது.

"சோறு இன்னிக்கும் அடி பிடிச்சிருச்சும்மா. சாமிக்காகப் பொறுத்துக்கறார் மனுஷன்."

"நேத்து குழைஞ்சு போச்சுன்னீங்களே, அண்ணே?"

"நேத்து குழைஞ்சது, இன்னிக்குத் தீஞ்சது. கலந்து போட்டா சரியாயிருக்கும்." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா எப்படி இருக்காங்க? அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

தினமும் கேட்கிற கேள்விதான். மரியாதைக்குக் கேட்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"தூங்கறாங்க அண்ணே. சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

அவர் இன்னும் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். சாவை உறுதி செய்ய டவுனிலிருந்து டாக்டர் வந்தபோது காரைப் பின்பக்கத்துச் சந்தில் நிறுத்தச் சொன்னாள். டாக்டர் எதுவும் கேட்கவில்லை. அவரும் இந்தக் கடற்கரையில் பிறந்தவர்.

மதியம் முரசு அதிர்ந்தது. பிறகு ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் வந்தது. பழைய மொழியில், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, அம்மன் இந்தக் கரைக்கு வந்த கதையைச் சொன்னார். சிகுசா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். சின்ன வயதிலிருந்தே மனப்பாடமான கதை.

கடலுக்குப் போன அம்மனின் கணவன் திரும்பவில்லை. அவள் வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அவன் உடல் கரை ஒதுங்கியது. தொடாதே, தொட்டால் தீட்டு, திரும்பி வர வழி கிடையாது என்று மற்ற தெய்வங்கள் தடுத்தன. அவள் இறங்கி வந்தாள். மணலில் மண்டியிட்டு, தன் அங்கிக் கையால் அவன் முகத்தைத் துடைத்தாள். வானம் மூடிக்கொண்டது. அவள் இங்கேயே தங்கிவிட்டாள். வருடத்துக்கு ஒருமுறை பல்லக்கில் அவளைக் கரைக்குக் கொண்டுபோவது அதற்காகத்தான்.

'முகத்தைத் துடைத்தாள்' என்ற இடத்தில் அப்பாவின் குரல் நின்றது. ஒலிபெருக்கி மட்டும் இரைந்தது. யாரோ இருமினார்கள். பிறகு அவர் தொடர்ந்தார். சிகுசா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தப் பார்த்தாள், சாத்தவில்லை.

சாயங்காலம் பல்லக்கு கோயிலுக்குத் திரும்பிய சத்தம் அடங்குவதற்குள் அப்பா வந்துவிட்டார். உடை மாற்றக்கூட இல்லை. வெள்ளை அங்கியும் உயரத் தொப்பியுமாக முற்றத்தில் நின்றார்.

"எப்படி இருக்கா?"

சிகுசா தலை குனிந்தாள். "அம்மா போயிட்டாங்கப்பா. காலைல."

அவர் தொப்பியின் நாடாவை அவிழ்க்கக் கையை உயர்த்தினார். கை அங்கேயே நின்றது.

"ஹமசாகி வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"தினமும் கேட்டுட்டு வரச் சொன்னேனே அவனை."

"நீங்கதான் கேக்கச் சொன்னீங்களா?"

"பக்கத்து ஊர்ப் பூசாரி நாலு நாளா விடுதியில உக்காந்திருக்கார், பாவம், உடுப்பை எல்லாம் எடுத்துக்கிட்டு. ஒரு வார்த்தை வந்தா திருவிழாவை அவர்கிட்ட விட்டுட்டு இறங்கி வந்துடலாம்னு இருந்தேன். எந்த நேரமானாலும்."

"அம்மாதான் சொல்லக்கூடாதுன்னாங்க…"

"சொல்லியிருப்பா. அவ அப்படித்தான் சொல்லுவான்னு தெரிஞ்சுதான் அவகிட்ட மறைச்சேன்." தொப்பியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உன்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது."

சிகுசாவுக்கு, காலையில் பின்வாசலில் ஹமசாகி நின்றிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் யாராவது திருப்பித் தந்தால் போதும் என்றிருந்தது.

"என்னைக் கேட்டாளா?"

"கேக்கல." பிறகு சொன்னாள். "ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாங்க. குளிருதேம்மான்னேன். நீங்க விடிகாலையில கும்பிட்டுக் கைதட்டுற சத்தம் கேக்கணும்னாங்க. கேட்டுது. அதுக்கப்புறம் பேசல."

அப்பா உள்ளறை வாசலுக்கு வந்தார். ஒரு வாரமாக உடம்பில் ஊறிய பழக்கத்தில் கால் நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டது. அதைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தார். அப்புறம் கால்மாட்டுக்கு நகர்ந்து போர்வைக்குள் கைவிட்டு அவள் பாதங்களைத் தொட்டார்.

"எப்பவும் போலச் சில்லுனு இருக்கு" என்றார்.

பெருவிரலுக்குத் தனி அறை வைத்துத் தைத்த தன் வெள்ளைக் காலுறைகளின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சிகுசா உதவ முன்னால் வந்தபோது தலையசைத்து மறுத்தார். ஒரு காலுறையை உதறி அம்மாவின் வலது காலில் போட்டார். பெருவிரலைத் தனியே பிரித்து உள்ளே விட்டார். பிறகு இடது கால். அவளுக்கு அது பெரிதாக இருந்தது. வெளியே தெருவில் யாரோ குடிமயக்கத்தில் பாட ஆரம்பித்து, இந்த வீட்டுப் பக்கம் வந்ததும் நிறுத்தினார்கள். அப்பா காலுறையின் தொளதொளத்த நுனியை மடித்து, அது பிரிந்துவிடாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.