ஆளையும் விட்டாச்சு

1.
இந்தக் கதை ஒரு பழைய வரலாற்று வரியில் பிறந்தது. போர்க்காலத்தில் ஓர் அரசு வணிகக் கப்பல்களைத் துறைமுகத்தில் மறித்து வைத்ததாம். கடற்படைக்கு ஆள் கொடுத்த கப்பலை மட்டும் போகவிட்டதாம். வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்படித் தொடங்கினேன்:

'மாலுமிகளை வரிசையாக நிறுத்திவிட்டுக் கப்பல் தலைவன் தன் தொப்பியைக்

வேண்டாம். தொப்பி போட்ட தலைவன் எவனையும் எனக்குத் தெரியாது. இத்தாலியில், பலேர்மோவில் வீடு துடைக்கிற வதனியைத் தெரியும். (தெரியும் என்பது சற்றுக் கூடுதல், அவளும் என் கற்பனைதான்.) ஆகவே கதையை இன்றைக்கு இழுத்துவந்துவிட்டேன்.

2.
வதனியின் கணவன் சாந்தரூபனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. நான் பெயர் சொல்லாத ஒரு போரில், பெயர் சொல்லாத ஒரு துறைமுகத்தில், அந்தக் கப்பல் மறிபட்டுக் கிடக்கிறது. ஓர் ஆள் கடற்படையில் சேர்ந்தால் மற்றவர்கள் போகலாமாம். யார் அந்த ஆள் என்று சீட்டுக் குலுக்கப்போகிறோம் என்று போனில் சொன்னான் சாந்தரூபன். அதற்குப் பிறகு அவனுடைய போன் வேலை செய்யவில்லை.

இந்த இடத்தில் வதனியை அழவைக்கப் பார்த்தேன். அவள் மசியவில்லை. பொலிதேயாமாப் பக்கம் தான் வேலைசெய்யும் சின்யோரா அம்மாவின் வீட்டுச் சன்னலைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

3.
அதே கப்பலில் வேலை செய்யும் அருளையாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'கப்பலை விட்டாச்சு. ஆளையும் விட்டாச்சு. பலேர்மோ வாறம்.'* பிறகு கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டது, திருப்பிக் கேட்க அவனுடைய போனும் கிடைக்கவில்லை.

(*அடிக்குறிப்பு: விடுவிப்பதும் விடுவதுதான், கைவிட்டு வருவதும் விடுவதுதான். குற்றம் மொழியுடையது, என்னுடையதல்ல.)

"பிறகென்ன வதனியக்கா, அண்ணையையும் விட்டிட்டாங்கள்," என்றாள் அறையில் கூட இருக்கும் தர்சனா.

"கப்பலை அவங்கள் விட்டவங்கள். ஆளை ஆர் விட்டது? அவங்களோ, எங்கடை ஆக்களோ?"

தர்சனா தேத்தண்ணி போடப் போனாள்.

4.
முதல் முடிவு: சாந்தரூபன் இறங்கி வருகிறான். எழுதினேன், நன்றாகத்தான் வந்தது. வதனிதான் குறுக்கே வந்தாள்.

"அவர் வந்தால், வேறை ஒருத்தியின்ரை மனிசன் அங்கை நிக்கிறான். அதையோ நான் கும்பிட்டுக் கேக்கிறது?"

கேட்டாள்தான். ஆனாலும் கும்பிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் முடிவு: அருளையா மட்டும் சாந்தரூபனின் பையைத் தூக்கிக்கொண்டு

மாட்டேன். ஆளை விடுங்கள்.

5.
பலேர்மோ துறைமுகம். நாப்போலிக்குப் போகும் பயணிகள் படகு போன வழியாகச் சரக்குக் கப்பல் உள்ளே வருகிறது. கரை கிட்டிவிட்டது, இப்போது அழைத்தால் அருளையாவின் போன் மணி அடிக்கும். வதனி இரண்டு தடவை எண்ணைத் தேடி எடுத்தாள், இரண்டு தடவையும் மூடிவிட்டாள். பயம், வேறொன்றுமில்லை.

வேலியோரம் இவ்வளவு நேரமும் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். அவள் அருளையாவின் செய்தியைத் திறந்து போனை உங்களிடம் நீட்டுகிறாள்.

"உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

சத்தமாக வாசியுங்கள். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.