கூவலை நிறுத்தாத கௌதாரி

தம்பி புல்லுக்குள் இறங்கும்போதே சொன்னேன்.

"இந்தச் சட்டையில உன்னை நானே தேடணும்டா. காஞ்ச புல்லு மாதிரியே இருக்க."

"அதுக்குத்தானே வாங்குனேன். எண்ணி முடிஞ்சதும் ஹாரன் அடி, எழுந்து வர்றேன். அதுவரைக்கும் தொந்தரவு பண்ணாத அக்கா."

போனையும் அணைத்துவிட்டான். மணி அடித்தால் பறவை ஓடிவிடுமாம்.

கௌதாரி கணக்கெடுப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. அது லேசில் கண்ணில் படாது; புல்லோடு புல்லாக ஒண்டிக்கொள்ளும். அதனால் பதிவுசெய்த கூவலை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இவன் பக்கத்திலேயே படுத்துக்கொள்வான். எவனோ தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று சேவல்கள் ரோஷத்தோடு பதில் கத்தும். நான் ஜீப்பில் உட்கார்ந்து குரல்களை எண்ணுவேன். எழுந்தால் முதல் வேலையாக ஒலிபெருக்கியை அணைப்பான். பாட்டரி விஷயத்தில் மகா கஞ்சன்.

அன்று இடப்பக்கம் இரண்டு குரல், மேட்டுப் பக்கம் ஒன்று. மேட்டுக் குரல் நல்ல கணீரென்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பியை நோக்கி நகர்ந்தது. சேவல் துரை சண்டைக்குக் கிளம்பிவிட்டார் என்று சிரித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு வல்லூறு தாழப் பறந்து வந்தது. அதன் நிழல் விழுந்ததும் இடப்பக்கக் குரல்கள் சட்டென்று அடங்கின. ஒலிபெருக்கி மட்டும் கூவியது. அதற்கென்ன பயம்.

மேட்டுக் குரலும் நிற்கவில்லை.

வல்லூறுக்குப் பயப்படாதது கௌதாரியே இல்லை. ஊதல் ஊதிப் பறவையை வரவழைக்கும் வேட்டைக்காரன் அது. வேட்டைக்குத் தடை உள்ள இடத்தில் திருட்டுத்தனமாகத் துப்பாக்கியோடு வந்தவன், எங்கள் ஒலிபெருக்கியைப் பறவை என்று நம்பித் தவழ்ந்துகொண்டிருக்கிறான். அதன் பக்கத்தில் என் தம்பி.

கத்தினேன். எதிர்க்காற்றில் என் குரல் ஜீப்பைத் தாண்டவில்லை. ஹாரனை அழுத்திப் பிடித்தேன்.

மேட்டுக் குரல் நின்றது. அப்பாடா, ஆள் இருப்பது தெரிந்துவிட்டது, ஓடிவிடுவான் என்று நினைத்தேன்.

ஹாரன் சத்தத்துக்குக் கௌதாரிகள் படபடவென்று எழும்பின. அவற்றோடு பழுப்பாக இன்னொன்றும் புல்லிலிருந்து எழுந்தது. சொன்ன சொல் தவறாத பிள்ளை அவன்.

வெடிச்சத்தம் கேட்டது.

மேட்டில் ஒருவன் தலைதெறிக்க ஓடினான். நான் ஜீப்பிலிருந்து குதித்தேன். ஒலிபெருக்கி இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

"அணைடா, பாட்டரி தீந்துடும்டா," என்று கத்திக்கொண்டே புல்லுக்குள் ஓடினேன்.