புதன்கிழமைச் சீட்டு

கருவைக் கலைக்க வந்தவளை அன்றைக்கே உள்ளே அனுப்பக்கூடாது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. டாக்டரம்மா தானாகப் போட்ட விதி அது. முதலில் வள்ளி உட்காரவைத்துப் பேச வேண்டும். வந்தவள் ஒரு வாரம் யோசித்துவிட்டு, அடுத்த புதன்கிழமை மறுபடி வரவேண்டும்.

எண்பத்தாறில், காப்பிப் பழம் பறிக்கிற சமயம். வள்ளி சேலத்திலிருந்து ஏற்காடு கிளினிக்குக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் விதியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதன்கிழமை சின்னத்தாயி தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். மூன்று பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். இப்போது மறுபடி மூன்றாம் மாதம். புருஷன் சித்தனுக்கும் மாமியாருக்கும் தெரியக்கூடாது, அது ஒன்றுதான் அவள் கேட்டது. வள்ளி தாளைப் பார்த்துப் பார்த்துக் கேள்விகளைக் கேட்டு, கடைசியில் யோசித்துவிட்டு வரச் சொன்னாள்.

"ஏனுங்க, இத்தன தூரம் நடந்தேனே, வழியெல்லாம் வேற என்ன பண்ணுனேன்னு நெனைக்கறீங்க?"

வள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விதியைச் சொன்னாள். அடுத்த வாரம் வீட்டில் என்ன பொய் சொல்வது என்று முணுமுணுத்தபடி சின்னத்தாயி எழுந்து போனாள்.

போனவள் வருவாளா என்ற கவலை வள்ளியை அரித்தது. நாள் தள்ளினால் டாக்டரம்மா தொடமாட்டார். திங்கட்கிழமை ஒரு சீட்டு எழுதினாள்: 'சின்னத்தாயி புதன்கிழமை கட்டாயம் கிளினிக்குக்கு வரவும்.' வேறொன்றும் எழுதவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தாள். கிளினிக் ஜீப் ஓட்டும் மாதேஸ்வரன் அதை எஸ்டேட் ரைட்டரிடம் சேர்த்தான்.

வருகிற சீட்டையெல்லாம் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும்போது ரைட்டர் உரக்கப் படித்துவிடுவார். அங்கே அதுதான் வழக்கம். கிளினிக்கில் புதன்கிழமை எதற்கு என்பது மலை முழுக்கத் தெரியும். மலைக்குத் தெரியும் என்பது வள்ளிக்குத்தான் தெரியாது.

புதன்கிழமை கடைசி பஸ் போகும்வரை வாசலைப் பார்த்திருந்தாள். சின்னத்தாயி வரவில்லை. எல்லார் முன்னாலும் சீட்டைப் படித்ததையும், அவளுக்குப் 'புதன்கிழமைக்காரி' என்று பேர் விழுந்ததையும், மாமியார் அவளைத் தனியே எங்கும் விடுவதில்லை என்பதையும் பிறகு மாதேஸ்வரன் வந்து சொன்னான்.

பங்குனியில் வள்ளி சின்னத்தாயியைச் சந்தையில் பார்த்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கால் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். மாமியார் நாலடி தள்ளி வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். வள்ளி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"உடு கண்ணு, நீ நல்லதுக்குத்தான் எழுதுன," என்றாள் சின்னத்தாயி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வைகாசீல ஆகும்ங்கறாங்க. நொம்ப பயமா இருக்குது. வலி எடுத்து வந்தா, ஒரு வாரம் யோசிச்சுட்டு வான்னு மட்டும் சொல்லிராத."

கிளினிக்குக்குத் திரும்பிய வள்ளி பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். சின்னத்தாயி பேருக்கு நேரே, இரண்டாவது தடவை வந்த தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது. அவள் முதலில் வந்த அன்று, போன வாரமே ஒரு தடவை வந்துவிட்டுப் போனாள் என்று முதல் கட்டத்தில் ஒரு தேதியைப் போட்டு, அன்றைக்கே உள்ளே அனுப்பியிருக்கலாம். டாக்டரம்மா கேட்டிருக்கவே மாட்டார்.