பவளக்கல்லில் குடியிருந்தவை

19 ஜனவரி 1984, வியாழன். இன்று ஒரு தவறு தெரியவந்தது. மீரான் பாயின் மீன் தொட்டியில் உப்பின் அளவை இத்தனை வாரமும் தப்பாகப் படித்திருக்கிறேன். மிதவைக் குழலை ஒட்டித் தண்ணீர் கொஞ்சம் மேலேறி நிற்கும். அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் நீர்மட்டத்தில் படிக்க வேண்டும். நானோ தண்ணீர் ஏறி நின்ற விளிம்பைப் படித்தேன். உப்பு குறைவு என்று நினைத்துக் கூடுதலாகக் கொட்டியிருக்கிறேன். மீன்கள் சாகின்றன.

கடைசி வரியை எழுதியதும் ரோசரி அதை அடித்தாள். ஒரு மீனின் உடலைக்கூட யாரும் பார்க்கவில்லை. 'குறைகின்றன' என்று மாற்றி எழுதினாள். சொல்லை மாற்றியும் நெஞ்சு லேசாகவில்லை. பகலில் அவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவள். மாலையில் பஸ் பிடித்துத் திருவானைக்காவலுக்குப் போய் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் படிப்பு படிக்கிறாள். உப்புத் தண்ணீரையே சரியாகப் பார்க்கத் தெரியாதவள் நாளைக்கு ஒரு மனிதனின் ரத்தத்தைப் பார்த்து என்ன சொல்லிவிடப் போகிறாள்? நாளை மதியம் பாயிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, மாலையில் வகுப்பிலிருந்து நின்றுகொள்வதாகச் சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு விளக்கை அணைத்தாள்.

மீரான் பாயின் மூக்குக் கண்ணாடிக் கடை பெரிய கடைவீதியில் இருந்தது. பின்கட்டில் வீடு. துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர் அவர். அந்த ஓட்டலின் வரவேற்பறையில் சுவர் நீளத்துக்கு ஒரு கடல் தொட்டி இருந்ததாம். ஊர் திரும்பியபோது மற்றவர்கள் டேப்ரிகார்டர் கொண்டுவந்தார்கள். இவர் காற்றடிக்கும் மோட்டாரும் மூட்டை உப்பும் கொண்டுவந்து, கடைக்குள்ளேயே ஒரு கடல் தொட்டி அமைத்தார். கீழக்கரையிலிருந்து மைத்துனர் பவளம் படிந்த கற்களை ஈரச்சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றி அனுப்பினார். பாலக்கரையில் ரோசரியின் தெருக்காரர்கள் வேளாங்கண்ணிக்குப் போனால் திரும்பும்போது இரண்டு கேன் கடல்நீர் பிடித்துவருவார்கள். அப்படி ஒருமுறை கேனைக் கொடுக்கப் போனவள்தான் ரோசரி. விரல் விரலாக நீட்டி மூடும் பவளத்தையும் அதன் நடுவே புகுந்து புறப்பட்ட நீல மீனையும் பார்த்து, மாலை வகுப்புக்குப் போக வேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டாள். அன்றிலிருந்து, வகுப்பில் சிறுநீர் சோதிக்கும் மிதவைக் குழலைக் கொண்டு உப்பு பார்ப்பது அவள் பொறுப்பானது.

துபாய் ஓட்டலில் தொட்டி விளக்கு அணைந்ததே இல்லை. ஆகவே இங்கேயும் பாய் அதை இரவிலும் அணைப்பதில்லை. கரண்ட் போனால்கூடப் பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் ஏற்றி வைப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் விதிவிலக்கு. எப்போதோ அந்தத் தெருவில் ஒரு கடை தீப்பிடித்ததிலிருந்து, ஜும்மாவுக்குப் போகும்போது மெயினை அணைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் போவார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ரோசரி போனபோது அவர் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாய், மீன் போறதுக்கு நான்தான் காரணம்" என்று தொடங்கி, குழல், விளிம்பு, மட்டம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவர் சிரித்தார். "ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ற குழலைப் போட்டுக் கடலைப் பாத்தா, கடல் கோவிச்சுக்காம என்னம்மா செய்யும்?" சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. "உன்னைச் சொல்லி என்ன. எனக்கும் மனசு விட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை தொட்டியைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்."

உள்வாசலில் நின்ற அவர் மனைவி கமருன்னிசா தொப்பியை நீட்டினாள். "பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாச்சு, கிளம்புங்க. உப்பாம் உப்பு. ஜும்மா ஆனா ஒரு மீனைக் காணோம். அதுங்களும் உங்க பின்னாடியே தொழப் போயிடுதோ என்னமோ."

ரோசரி திரும்பிப் பார்த்தாள். "எல்லாமே வெள்ளிக்கிழமைதானாக்கா?"

"ஆமா. காலையில நான்தானே தீனி போடுறேன். அப்ப இருக்கும். இவர் வந்து லைட்டைப் போட்டா இருக்காது."

உப்பு கூடினால் எல்லாக் கிழமையும் கூடத்தான் இருக்கும் என்று ரோசரிக்குத் தோன்றியது. உடனே, தன் தப்பை வேறெங்காவது தள்ளிவிடப் பார்க்கிறோமோ என்ற சந்தேகமும் வந்தது. ஆனாலும் கேட்டுவிட்டாள். "பாய், எப்பவும்போல மெயினை அணைச்சு ஷட்டரை இறக்கிட்டுப் போங்க. நானும் அக்காவும் உள்ளேயே இருக்கோம்."

"இருட்டுல உக்காந்து என்னத்தைப் பாக்கப் போறீங்க?"

"நீங்க போங்க. திருடன் வந்தா பிடிச்சு வைக்கிறோம்" என்றாள் கமருன்னிசா.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் ஒட்டுவதற்காக ரோசரியின் அம்மா எதிர்த்த கடையில் சொல்லிவைத்து வாங்காமல் விட்ட சிவப்புக் கண்ணாடித்தாள் இன்னும் விற்காமல் கிடந்தது. அதில் ஒன்றை வாங்கிவந்து கடை டார்ச்சின் முகத்தில் சுற்றினாள். வெள்ளை வெளிச்சத்துக்கு ஒளிகிற பிராணி எதுவாக இருந்தாலும் மங்கின சிவப்புக்கு அவ்வளவாக ஒளியாது என்பது அவள் ஊகம். மோட்டார் நின்றது. மோட்டார் நின்றது. கடைவீதியின் இரைச்சல் போர்வைக்கு அந்தப்பக்கம் போனது போலிருந்தது.

முதலில் ஒன்றுமில்லை. மிச்சமிருந்த மூன்று மீன்களும் ஒரு மூலையில் ஒதுங்கின. பிறகு பெரிய கல்லின் அடியில், நண்டு வளை என்று அவர்கள் நினைத்திருந்த பொந்திலிருந்து ஐந்து மெல்லிய கொம்புகள் வெளியே வந்து தண்ணீரைத் தடவின. அவற்றின் பின்னால் ஒரு தலை. தலைக்குப் பின்னால் உடல், உடல், இன்னும் உடல். ஆள்காட்டி விரல் பருமன். வளையம் வளையமாக அடுக்கிய உடம்பு. ஒவ்வொரு வளையத்திலும் இருபுறமும் குட்டிக் கால்கள், சீப்பின் பற்கள்போல. அவை ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தபோது நெல்வயலில் காற்று போவதுபோல ஓர் அலை தலையிலிருந்து பொந்துவரை ஓடியது. கல்லின் மேல் ஒரு முழம் வந்தாகிவிட்டது. வால் இன்னும் உள்ளேயே இருந்தது.

"யா அல்லாஹ். பாம்பு!" கமருன்னிசா அவள் தோளைப் பற்றினாள்.

"பாம்பில்லக்கா. புழு."

"இத்தாம் பெருசா?"

"மண்புழுவுக்குச் சொந்தம். காலேஜ்ல மண்புழு அறுத்திருக்கேன். அதே வளையம்."

"சொந்தக்காரன் நல்லா வசதியா இருக்கான்" என்று கமருன்னிசா கிசுகிசுத்தாள்.

ஒரு மீன் மூலையை விட்டு நகர்ந்தது. புழு பாய்ந்ததை ரோசரி பார்க்கவில்லை. பாய்ந்து முடிந்ததைத்தான் பார்த்தாள். கத்தரிபோல விரிந்த இரண்டு தாடைகள் மூடியிருந்தன. அந்த முழம் நீள உடல் முழுவதும் மீனோடு சேர்த்துப் பொந்துக்குள் உருவிக்கொண்டு போயிற்று. மணல் கொஞ்சம் கிளம்பி அடங்கியது. அவ்வளவுதான். ரோசரிக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பயமில்லை என்று புரிந்தது. கீழக்கரையிலிருந்து சாக்குக்குள் வந்து, விளக்கே அணையாத தண்ணீரில் மாதக்கணக்காகப் பதுங்கி, வாரத்தில் ஒருமுறை வரும் அந்த ஒரு மணிநேர இருட்டுக்காகக் காத்திருந்து வாழ்ந்திருக்கிறது. எவ்வளவு பொறுமை!

பாய் வந்து விளக்கைப் போட்டதும் கமருன்னிசா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, "கொதிக்கிற தண்ணியைப் பொந்துல ஊத்துங்க" என்று முடித்தாள்.

"ஊத்தாதீங்க பாய்!" குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து ரோசரி தணிந்தாள். "ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

மறுபடி மெயினை அணைத்தார்கள். அது வரவில்லை, வயிறு நிறைந்திருந்தது. கடைசியில் பாய் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, பெரிய கல்லைத் தூக்கி, பின்கட்டு முற்றத்தில் தொட்டித் தண்ணீர் நிரப்பிய, குழந்தை குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப்பில் வைத்தார். கல் சாய்ந்ததும் ஒரு பக்கப் பொந்திலிருந்து அது வழிந்து டப்பின் தண்ணீரில் விழுந்தது. வெயில் பட்டதும் பழுப்பு உடம்பு பச்சை, ஊதா, செம்பு என்று மாறி மாறி மின்னியது, கல்யாணப் பட்டைத் திருப்பிப் பார்த்தாற்போல. மூவரும் டப்பின் மேல் குனிந்தார்கள். அப்போது கல்லின் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று தலையை நீட்டியது. இது அதைவிடத் தடி.

"எட்டு வருஷம் அந்த ஓட்டல் தொட்டியைத் துடைச்சேன்" என்றார் பாய். "இப்படி ஒண்ணைக் கண்டதில்ல. இதுங்களை எப்படிம்மா கொல்றது?" பிறகு, "பாத்தியா, மீன் போனது உன்னால இல்ல" என்றார்.

"உப்பைத் தப்பாப் பாத்தது நான்தானே பாய்."

"அந்தத் தப்பான உப்புலயே இது இவ்வளவு கொழுத்திருக்கு" என்றாள் கமருன்னிசா. "ஒழுங்காப் பாத்திருந்தா எங்களையும் தின்னிருக்கும்."

ரோசரிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. தப்பு தப்புதான், அது அப்படியே இருந்தது. ஆனால் அதன் அளவு இப்போது தெரிந்துவிட்டது. மாலை பஸ் காவிரிப் பாலத்தைக் கடந்தபோது கைகளில் கடல் வாடை அடித்தது. வகுப்பில் சார், "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்து, சோதனைக்குழாய்களை வரிசையாக அடுக்கத் தொடங்கினாள்.

20 ஜனவரி, வெள்ளி. புழுக்கள் இரண்டு. பெயர் தெரியவில்லை. தனித் தொட்டி கொடுப்பதாகப் பாய் சொல்லியிருக்கிறார். அதுவரை டப்பின் மேல் கமருன்னிசா அக்காவின் கறுப்புத் துப்பட்டி. நான் கிளம்பும்போது துணியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் கல்லை ஆளுக்கொரு பக்கம் சுற்றிக் கிடந்தன. கொம்புகள் மட்டும் அசைந்தன.

நாளை காலை வேலைக்குப் போகும் முன் மார்க்கெட்டில் ஐஸில் போடாத இறால் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.