சாம்பலிட்டுக் கழுவிய போத்தல்

மலாயாவில் பாலோ என்ற ஊருக்கு அடுத்த ரப்பர்த் தோட்டத்தில், தோட்டக் கணக்கெழுதும் பெரிய கிராணி நவரத்தினத்தின் உயிர் பிரிந்தபோது அந்த வீட்டில் இருந்தவர்கள் நால்வர். அவன் மனைவி செல்லப்பாக்கியம். அவளுடைய தகப்பனார், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தியாகராஜா. நவரத்தினத்தின் தமையன் சின்னத்தம்பி. சமையலுக்கு உதவும் அங்கம்மா. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இது 1934ஆம் ஆண்டு நடந்தது.

முதல் நாள் மாலையிலிருந்து வாந்தியும் வயிற்றோட்டமுமாய்க் கிடந்தவன், வெயில் ஏறுமுன் அடங்கிவிட்டான். பெண்கள் தலையிலடித்து அழுதார்கள். தியாகராஜா அழவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த ஒரு பச்சைப் போத்தல் அவர் கண்ணில் பட்டது. எடுத்து முகர்ந்து பார்த்தார். கள்ளு. கூலிகள் வரிசையில் நின்று வாங்கும் தோட்டத்துக் கள்ளு, தம் மருமகனின் கட்டிலுக்கடியில்! மடியில் நெருப்பு விழுந்ததுபோல் ஆனது அவருக்கு. சால்வைக்குள் மறைத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

"அங்கம்மா, துடக்கு வீடு. சட்டி பானை எல்லாத்தையும் கழுவிக் கவிழ். இதையும்."

"ஐயா, இது ஸ்டோரு போத்தலுங்க. லாலாங் புல்லு சாக அடிக்கிற மருந்து ஊத்தி வச்சிருப்பாங்களே..."

"உன்னட்டை விளக்கம் கேட்டனானோ? சாம்பல் போட்டுக் கழுவு."

அவள் கழுவினாள். பழைய போத்தல் வாங்க வந்த சீனக் கிழவனின் கூடையில் அது போய்ச் சேர்ந்தது.

பாடை கட்டும் நேரத்தில் சின்னத்தம்பி குறுக்கே நின்றான்.

"என்ர தம்பிக்கு நேற்றுக் காலை வரைக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. அவனுக்குச் சோறு போட்ட கை ஆரின்ர கை? அதைச் சொல்லிப்போட்டுப் பாடையைத் தூக்குங்கோ!"

போலீஸ் வந்தது. பக்கத்து நகரமான குளுவாங்கின் ஆஸ்பத்திரி டாக்டர் இரைப்பையையும் ஈரலையும் எடுத்துச் சாடிகளில் இட்டு, அரக்கு முத்திரை வைத்துச் சிங்கப்பூருக்கு, அரசாங்கப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினார்.

அங்கே வேலை பார்த்தவன் அருளம்பலம், தியாகராஜாவின் சொந்தத் தமக்கை மகன். செல்லப்பாக்கியத்துக்கு உரிமை மாப்பிள்ளை. அவன் பெண் கேட்டு வந்த நாளில், "பிணத்தின்ர குடலை அளையிற கையிலை என்ர பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கவோ?" என்று முற்றத்தோடு திருப்பி அனுப்பியவர் அவர். இப்போது மகளின் மானம் அதே கையில் இருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் அருளம்பலம் ரயிலில் வந்து குளுவாங் ரெஸ்ட் ஹவுஸில் தங்கினான். தியாகராஜா கோட்டும் தலைப்பாகையுமாய் அங்கே போனார்.

"இருங்கோ, அம்மான்."

அவர் இருக்கவில்லை. "என்ன எழுதியிருக்கிறாய்?"

"ஆசனிக். புல் மருந்திலை உள்ள நஞ்சு. ஈரல் வரைக்கும் ஏறியிருக்கு."

"ஆர் குடுத்ததெண்டு எழுதினாய்?"

"அது என்ர வேலை இல்லை. முத்திரையோட என்ர மேசைக்கு வாற சாமானுக்குள்ளை என்ன இருக்கெண்டு சொல்லுறது என்ர வேலை. ஆர் குடுத்தது, ஏன் குடுத்தது எல்லாம் கோட்டிலை நீதவான் பார்க்கிற வேலை."

"அப்ப நஞ்சில்லை எண்டு எழுது. அவள் உன்ர மச்சாள்."

"மச்சாளெண்டு எங்கட பரிசோதனைச்சாலைத் துரையிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் சாடியைத் தொட்டனான். அவரும் தனியச் சோதிச்சவர். இரண்டு பேருக்கும் ஒரே முடிவு." அவன் குரலைத் தணித்தான். "குடல் அளையிறவன் சொல்லுறன், கேளுங்கோ. உங்கட வீட்டிலையிருந்து ஒரு பாத்திரம்கூட எனக்கு வரேல்லை. எல்லாம் கழுவிக் கவிட்டுக் கிடந்ததாம். அவர் கடைசியாக் குடிச்சது எதிலையெண்டு தெரிஞ்சு, நஞ்சு அதுக்குள்ளைதான் எண்டு கண்டிருந்தால், மச்சாளின்ர சமையலிலை பழியே வராது."

ஸ்டோரு போத்தலுங்க, மருந்து ஊத்தி வச்சிருப்பாங்களே என்ற அங்கம்மாவின் குரல் தியாகராஜாவின் காதில் விழுந்தது.

"கழுவின போத்தலெண்டால்?"

போத்தல் என்ற சொல்லை அருளம்பலம் கவனித்தான். "சாம்பல் போட்டோ? அதைக் கொண்டுவந்தாலும் நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனால் கண்டவர் ஒருவர் கோட்டிலை ஏறிச் சொன்னால் நீதவான் கேப்பார். சொல்லுங்கோ, அம்மான். அவள் தப்பிடுவள்."

தியாகராஜா வெளியே வந்தார்.

மறுநாள் சாட்சிக் கூண்டில் நின்ற தியாகராஜாவிடம் நீதவான் துரை கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இறந்தவருக்குக் குடிப்பழக்கம் உண்டா? வீட்டில் மது ஏதும் இருந்ததா?"

செல்லப்பாக்கியம் தகப்பனைப் பார்த்தாள். புருஷன் குடித்தது அவளுக்குத் தெரியும். "நீ வாய் திறக்கப்படாது, பேசவேண்டியதை நான் பேசுவன்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சபை நிறையச் சொந்தக்காரர்கள். முன்வரிசையில் சின்னத்தம்பி.

"சொல்லுங்கோ, ஸ்டேஷன் மாஸ்டர்," என்றான் அவன் ஏளனமாய்.

தியாகராஜா முதுகை நிமிர்த்தினார்.

"எங்கட குடும்பத்திலை அந்தப் பழக்கம் இல்லை."

அங்கம்மாவை யாரும் அழைக்கவில்லை. அவளை அவர் முன்னமே தொலைவில் மாசாய் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு அனுப்பியிருந்தார்.

நஞ்சால் மரணம், கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை என்று தீர்ப்பாயிற்று. செல்லப்பாக்கியம் சிறைக்குப் போகவில்லை. ஆனால் அந்தத் 'தெரியவில்லை' அவளைவிட்டுப் போகவும் இல்லை. அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஊரில் ஆளில்லாமல் போனது. அன்று தொட்டு அவள் தகப்பனுக்குச் சோறு போடுமுன், பானையிலிருந்து ஒரு பிடியெடுத்து அவர் கண் முன்னே தின்று விழுங்கிக் காட்டிவிட்டே பரிமாறினாள். வேண்டாம் பிள்ளை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தலை குனிந்து சாப்பிட்டார்.

பெண் தர மறுத்த வன்மத்தில் அருளம்பலம் இல்லாத நஞ்சை எழுதிவிட்டான் என்று பாலோவிலும் குளுவாங்கிலும் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். நஞ்சு இருந்தது; இருந்ததை அவன் எழுதினான். போத்தல் அவன் மேசைக்கு வரவில்லை. அதைக் கழுவச் சொன்னவர் தியாகராஜா.