அம்சவல்லி சொன்ன பதில்

அம்சவல்லி பேச்சை நிறுத்தி நாற்பது நாள் ஆனபிறகுதான் அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் ஊரில் வேப்பிலை அடித்துப் பார்த்தாகிவிட்டது. தர்காவில் மூன்று வெள்ளிக்கிழமை தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். திருத்துறைப்பூண்டி டாக்டர் ஒருவர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, புள்ள அடம் புடிக்குது" என்றார். கடைசியில் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அது 1984, மாசி மாதம். அந்தப் பிரிவில் புதன்கிழமை மட்டும் குழந்தைகளைப் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர் தியாகேசன். இன்னொருத்தி ஹலீமா. முப்பது வயது, முத்துப்பேட்டைப் பெண், பெங்களூரில் இரண்டு வருடம் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். மனநல சமூகப் பணியாளர் என்பது அவள் வேலையின் பெயர். அது யார் வாயிலும் நுழையாததால் தாய்மார்கள் அவளை 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டார்கள். அவளும் திருத்தியதில்லை.

அம்சவல்லிக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ராசம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள், உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்தும்மா பேசல?" என்று கேட்டாள் ஹலீமா.

"அவங்க அப்பாவ போலீஸ் புடிச்ச அன்னிலேருந்துங்க. ஒரு வார்த்த இல்ல. தூக்கத்துல கூட இல்ல."

ராசம்மாள் விட்டுவிட்டுச் சொன்னதை ஹலீமா சேர்த்துக்கொண்டாள். வடுவன்கோட்டகத்தில் பண்ணையார் நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்ப வேறு ஆட்களின் பெயரில் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு ஏக்கரில், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் இறங்கி சம்பா நட்டார்கள். தை மாதம் கதிர் முற்றியதும் பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார். வயலிலேயே அடிதடி. பண்ணைக் காரியக்காரருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்ததும் ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் மறைந்தார்கள். ராசம்மாளின் கணவன் மருதையன் வடிகால் கரைத் தாழம்புதரில் ஐந்து நாள் ஒளிந்திருந்தான். ஆறாவது நாள் சாயங்காலம் பிடிபட்டான். தெரு வழியாகவே இழுத்துப் போனார்கள். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இப்போது ஜாமீனில் வந்து கட்டோடு படுத்திருக்கிறான்.

"போலீஸப் பாத்து பயந்துடுச்சிங்க" என்றாள் ராசம்மாள்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஹலீமாவும் நினைத்தாள். குழந்தைகளுக்கென்று மேசையில் எப்போதும் வைத்திருக்கும் பிஸ்கட் தட்டை அம்சவல்லி பக்கம் நகர்த்தினாள். சிறுமியின் தோள்கள் விறைத்தன. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வெறும் வயிற்றிலிருந்து ஓங்கரித்தாள்.

"என்னடி இது! முன்னெல்லாம் பிஸ்கோத்துன்னா உசுர வுடும் டீச்சரம்மா" என்றாள் ராசம்மாள் பதறிப்போய்.

ஹலீமா தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். பயம் என்று நோட்டில் எழுதியிருந்த வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மத்தியானம் டாக்டர் தியாகேசன் விவரம் கேட்டார். "ஊசி ஒண்ணு இருக்கும்மா. பாதி மயக்கத்துல கேட்டா பேசிடும். கூட்டிட்டு வந்தவங்களுக்கும் நம்பிக்கை வரும்."

"அதுவா பேச வேணாம்னு முடிவு பண்ணியிருக்கு சார். மயக்கி வாங்குனா அப்புறம் நம்மளையும் நம்பாது. ஆறு புதன்கிழமை குடுங்க."

தியாகேசன் சட்டென்று முடித்துவிட விரும்புகிற ஆள்தான். ஆனால் சொன்னால் கேட்பார். "ஆறு. ஏழாவது புதன்கிழமை நான் கேப்பேன்" என்றார்.

அடுத்த வாரம் ஹலீமா ஒன்றும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஐந்து கூழாங்கற்களைப் போட்டாள். கல் ஆட்டத்தில் ஹலீமா படுமோசம். இரண்டாவது சுற்றிலேயே கல்லைத் தவறவிட்டாள். அம்சவல்லி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொறுக்க முடியாமல் கற்களை வாங்கி எப்படி வீச வேண்டும் என்று காட்டினாள். அன்றைக்கும் அதற்கடுத்த இரண்டு புதன்கிழமையும் அவர்கள் கல் ஆடினார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. ராசம்மாள் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, இதற்காகவா நாற்பது மைல் பஸ் ஏறி வருகிறோம் என்பது அவள் முகத்தில் இருந்தது.

நான்காவது தடவை அவர்களோடு சங்கச் செயலாளர் இளையபெருமாளும் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கட்டுத் தாள்கள்.

"பங்குனி கடைசில கேஸ் வருதுங்க. போலீஸ் அடிச்சத கிட்ட நின்னு பாத்தது இந்தப் புள்ளதான். அதுக்குள்ள பேச வச்சிடுங்க. இது ஒரு குடும்பத்து விஷயம் இல்ல, நூத்தம்பது குடும்பத்து விஷயம்."

"சாட்சி சொல்றதுக்காகப் பேச வைக்கிறது என் வேல இல்லீங்க" என்றாள் ஹலீமா. குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. கொஞ்சம் தணிந்து, "புள்ளைக்கு எப்ப பேசணும்னு தோணுதோ அப்ப பேசும். அது சாட்சி சொல்லணுமா வேணாமாங்கறத அப்பறம் அதுவும் அப்பா அம்மாவும் பாத்துக்குவாங்க" என்றாள்.

இளையபெருமாள் கெட்டவர் இல்லை. பெருமூச்சு விட்டார். "நீங்க சொல்றது புரியுது. ஆனா காட்டிக் குடுத்தவன் மட்டும் ஊருக்குள்ள சொகமா இருக்க முடியுமா? மருதையன் எங்க இருக்கான்னு அவன் வூட்டு ஆளுங்கள வுட்டா வைரக்கண்ணு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன்தான் கொண்டுபோயி ஒளிச்சான், அவன்தான் சொல்லியிருக்கான். ஒதுக்கி வச்சிட்டோம். வேல கெடையாது, தெருக்கொழாயில தண்ணி கெடையாது."

பெஞ்சின் ஓரத்தில் கற்கள் சிதறும் சத்தம் கேட்டது. அம்சவல்லியின் கை விரிந்தபடி நின்றுவிட்டிருந்தது. மூன்று வாரமாக அவள் கையிலிருந்து ஒரு கல்கூடத் தவறி விழுந்ததில்லை.

ஹலீமா குனிந்து கற்களைப் பொறுக்கினாள்.

ஐந்தாவது புதன்கிழமை மழைத் தூறல். கூட்டம் குறைவு. ராசம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் ஹலீமா. இரண்டு சுற்று ஆடினார்கள். மூன்றாவது சுற்றுக்குக் கல்லை எடுத்த அம்சவல்லி அதைப் போடவில்லை.

"வைரக்கண்ணு மாமா சொல்லல."

துருப்பிடித்த குரல். "சரி" என்று மட்டும் சொன்னாள் ஹலீமா.

"நான்தான்."

பிறகு துண்டு துண்டாக வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தினான். வேட்டி சட்டை. சங்கத்து ஆள் என்றான். அப்பாவுக்குக் கோர்ட் காகிதம் கொண்டுவந்திருக்கிறேன், இன்றைக்குக் கையெழுத்து வாங்காவிட்டால் ஜெயில்தான் என்றான். ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தான். அம்சவல்லிதான் தினமும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவாள். அது அம்மாவையும் வைரக்கண்ணுவையும் தவிர யாருக்கும் தெரியாது. தாழம்புதர் என்று சொன்னாள். கையையும் நீட்டிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. அப்பாவை அவள் நின்ற இடத்தைத் தாண்டித்தான் இழுத்துப் போனார்கள்.

"அப்பா என்னப் பாத்துச்சு. நான் தின்னுகிட்டு இருந்தேன்."

ஹலீமாவுக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. உன் மேல் தப்பில்லை என்ற வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் இந்தக் குழந்தை எழுபது நாளாகச் சுமந்ததை ஒரு வாக்கியத்தால் துடைத்துவிட்டால், அது தன்னைச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கும். அதனால் கேட்டாள்:

"அந்தாளு போலீஸ்னு சொல்லிக் கேட்டிருந்தா?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

"அடிச்சிருந்தா?"

அம்சவல்லி யோசித்தாள். "அப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அது அந்தாளுக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் பொய் சொன்னான்."

சிறுமி அழுதாள். நெடுநேரம் அழுதாள். ஹலீமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா நீதான் சொல்லணும்" என்றாள் கடைசியில்.

அந்த வாக்குறுதிதான் அந்த வாரம் முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. யாரென்றே தெரியாத வைரக்கண்ணுவின் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று தெரியவில்லை. இளையபெருமாளுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஒருமுறை கார்டை எடுத்து விலாசம்கூட எழுதிவிட்டாள். பிறகு கிழித்துப் போட்டாள். நம்பிச் சொன்ன ஒரே ஆளும் காட்டிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை அதன்பிறகு யாரிடம் வாயைத் திறக்கும்?

தியாகேசனிடம் யோசனை கேட்டாள்.

"நம்ம நோயாளி அந்தப் பொண்ணு மட்டும்தான்" என்றார் அவர். பிறகு, "ஆனா அது வாழப்போறது அந்தத் தெருவுலம்மா. வைரக்கண்ணு விஷயத்த நீ மறைச்சிப் பேசாத. அதுக்கு ஏற்கெனவே தெரியும்" என்றார்.

அவர் சொன்னது சரியாக இருந்தது. ஆறாவது புதன்கிழமை ஹலீமா பேச்சை எடுத்ததுமே அம்சவல்லி தலையை ஆட்டினாள். "கொழாயடில வைரக்கண்ணு மாமா வூட்டு அத்தையோட கொடத்த ஒடச்சிட்டாங்க. நான் பாத்துகிட்டே நின்னேன்." பிறகு, "சொன்னா அப்பா என்ன வெறுத்துடுமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது அம்சவல்லி. கோவம் வரலாம். நான் வேணும்னா பக்கத்துல நிக்கிறேன்."

"வருவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ஹலீமா திருத்துறைப்பூண்டியில் இறங்கி வடுவன்கோட்டகத்துக்கு டவுன் பஸ் மாறினாள். அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்துச் செடி பூத்திருந்தது. பிரச்சினைக்குரிய பன்னிரண்டு ஏக்கர் மட்டும் தரிசாகக் கிடந்தது. ஓரத்தில் ஒரு கான்ஸ்டபிள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

மருதையன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். அம்சவல்லி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். ஹலீமா வாசற்படியருகே நின்றாள். முன்னே போகவில்லை.

"அப்பா" என்றாள் சிறுமி.

ராசம்மாள் கையிலிருந்த முறத்தை நழுவவிட்டாள். மருதையன் முழங்கையை ஊன்றி எழுந்தான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும், அம்சவல்லிக்கு மேலே சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் சொன்னாள். பிஸ்கட் வரைக்கும் சொன்னாள்.

மருதையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வெளிய போ" என்றான்.

சிறுமியின் உதடுகள் மறுபடி உள்ளே மடிந்தன. ஹலீமாவின் கால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. தன்னைத் தடுத்துக்கொள்ள அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய போயி..." மருதையன் வாசல் பக்கம் கையைக் காட்டினான். "சாத்தி வச்சிருக்கிற கட்டைய எடுத்துட்டு வா. வைரக்கண்ணு வூட்டுக்குப் போவணும்."

அம்சவல்லி நகரவில்லை.

"அந்தாளு எங்கிட்டயே அப்படிக் கேட்டிருந்தா நானும்தான் நம்பியிருப்பேன். நீ கொழந்த. மொதமொதல்ல வைரக்கண்ணு பேர ஊருல சொன்னது நான்தான்டி. கூடச் சோறு தின்னவன் பேர. எனக்கு அறிவு வேணாம்?" என்று சொல்லி, கட்டிலின் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டான். ராசம்மாள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

கக்கத்தில் ஒரு கட்டையும், இன்னொரு பக்கம் மகளின் தோளுமாக அவன் தெருவில் நடந்தான். ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். வைரக்கண்ணு கதவைத் திறந்தான்; ஒல்லியான ஆள், பல நாள் தாடி. மருதையன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு, "புள்ளய வெயில்ல நிக்க வைக்காத. உள்ள அனுப்பு" என்றான். "நீ அங்கயே நில்லு."

மருதையன் நின்றான். ஒற்றைக் காலில், கட்டையை ஊன்றிக்கொண்டு, பங்குனி வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றான். அம்சவல்லிக்கு உள்ளே மோர் கொடுத்தார்கள். கடைசியில் வைரக்கண்ணுவின் மனைவிதான் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் இளையபெருமாள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். புதுக் குடமும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் வைரக்கண்ணு சங்கத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருந்தது. பழைய நெருக்கம் வரவில்லை. அம்சவல்லியைக் கோர்ட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று மருதையன் சொல்லிவிட்டான். காலை உடைத்தவர்கள் யார் என்பது கேஸில் நிரூபணமாகவே இல்லை. நிலத்தின் வழக்கு அதற்குப் பிறகும் பல வருடம் நடந்தது.

அம்சவல்லி முதலில் வீட்டில் பேசினாள். தெருவில் பேச இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. சில நாள் திடீரென்று மறுபடி அடைத்துக்கொள்ளும். ராசம்மாள் பயந்து ஓடி வருவாள். இரண்டொரு நாளில் சரியாகும். ஹலீமா அவளை ஆனி வரைக்கும் வரச் சொல்லியிருந்தாள்.

கடைசியாக வந்த புதன்கிழமை வராந்தா நிறையக் கூட்டம். அம்சவல்லி ஏழாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பக்கத்து பெஞ்சுப் பெண் ரெங்கம்மாள் இவளுடைய இங்க் பேனாவை எடுத்து நிப்பை வளைத்துவிட்டுத் தான் இல்லையென்று சத்தியம் செய்ததையும், ரெங்கம்மாளின் பெரியம்மா மகளே வந்து உண்மையைச் சொன்னதையும், அதற்கு டீச்சர் யாரைத் திட்டினார், யாரைத் திட்டவில்லை என்பதையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். தியாகேசன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், அடுத்த ஆளை அனுப்பலாமா என்று கண்ணால் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று ஹலீமா கையைக் காட்டிவிட்டு, "அப்பறம் அந்த ரெங்கம்மா என்ன சொன்னா?" என்று கேட்டாள்.