டிக்‌ஷனரியம்மா வீட்டு இருட்டு

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் மட்டும் நடுப்பகலில் இருட்டத் தொடங்கியது மழைக்காலத்திலா, மழை விட்ட பிறகா என்பதில் நினைவு தடுமாறுகிறது. முதலில் இருண்டது கூடம் என்று சிலரும் சமையலறை என்று சிலரும் சொல்கிறார்கள். இதைச் சொல்பவருக்கும் ஒருநாள் இருக்கும் நினைவு மறுநாள் இருப்பதில்லை. இருட்டியதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தெருவில் தார் இளகும் அளவுக்கு வெயில் அடிக்கும். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட துணி விறைத்து நிற்கும். அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டிக் காலை வைத்தால், செருப்பை எங்கே விட்டோம் என்று கையால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்ணாடிக்கடைக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி செய்து விற்பவர். அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் டிக்‌ஷனரியம்மா என்றார்கள். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் ஒரு பதிப்பகத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு வேலை. அந்த வருஷம் பதிப்பகம், சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் இனம் இனமாகப் பிரித்து ஒரு புது அகராதி கொண்டுவர முடிவு செய்தது. கப்பல் சொற்கள் ஒருவருக்கு, துணிமணிச் சொற்கள் ஒருவருக்கு என்று பங்கு பிரித்தபோது இருட்டும் தெளிவின்மையும் யாருக்கும் வேண்டாமல் மேஜையில் கிடந்தன. தலைமை ஆசிரியர், "உங்களுக்குத்தாம்மா பொறுமை ஜாஸ்தி" என்றார். டிக்‌ஷனரியம்மா "பரவாயில்லை, குடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டார். எது கொடுத்தாலும் அவர் அப்படித்தான் சொல்லி வாங்குவார். அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் தாள் பறக்கிறது என்று அந்த வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தார்.

சொற்களின் பிறப்பைத் தோண்டுவதில் அவருக்கு அலுப்பு கலந்த ஒரு பிடிவாதம் உண்டு. டஸ்க் என்றால் இன்றைக்கு அந்திப்பொழுது. பிறந்தபோது அது பொழுதே இல்லை, வெறும் நிறம், ஒரு கருமை. அதை எழுதிய அன்று வீட்டுச் சுவர்களில் வெள்ளையடித்தது போன இடம் தெரியவில்லை. அப்ஸ்க்யூர் என்ற சொல்லுக்குள் மேலே போர்த்தி மூடுவது என்ற பழைய பொருள் இருக்கிறது. புரியாத பேச்சுக்கும் பேர் தெரியாத மனிதருக்கும் அதே சொல்தான். அதை எழுதிய மறுநாள் இருட்டு கட்டில்மேல் போர்வை போலக் கிடந்தது, உதறினால் மடிப்பு விழுந்தது. வேக் என்றால் தெளிவில்லாதது, அதன் வேர் லத்தீனில் அலைந்து திரிவது. அதை எழுதி முடித்ததும் இருட்டு ஓரிடத்தில் நிற்காமல் அறை அறையாக அலைய ஆரம்பித்தது.

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துப் போட்டு, வயரை உரித்து, ஒட்டி, ஏணியிலிருந்து இறங்கித் தலையைச் சொறிந்தார். "வயர்ல ஒண்ணும் இல்ல சார். பல்பு எரியுது. வெளிச்சம்தான் வெளிய வரமாட்டேங்குது" என்றார். பிறகு, "ஊருக்கெல்லாம் பார்வை குடுக்கறீங்க, உங்க வீட்ட பாருங்க" என்று சிரித்தார். கண்ணாடிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒருநாள் மாடியில் குடியிருந்த பெண் ஈரக்கையோடு இறங்கி வந்தாள். "அக்கா, உங்க இருட்டு எங்க பாத்ரூம்ல வந்து உக்காந்திருக்கு. சோப்பு எங்க இருக்குன்னே தெரியல, கொஞ்சம் கூப்பிட்டுக்கோங்க. இவரு வேற நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து அதுக்குள்ளயே துண்ட விரிச்சுப் படுத்துக்கிட்டாரு. எழுப்பினா திட்றாரு." டிக்‌ஷனரியம்மா மாடிக்குப் போய்ப் படியில் சற்று நேரம் நின்றார். இறங்கும்போது இருட்டும் பின்னால் இறங்கியது. அது தன் பின்னால் ஏன் வந்தது என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. முதுகு வலித்தது, அடுத்த சொல் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த சொல் க்ளூம். அதற்கு மங்கல், சோர்வு, இருள் என்று எழுதிவிட்டு வழக்கம்போலத் தோண்டினார். இடைக்கால ஆங்கிலத்தில் அது வானத்தைப் பற்றிய சொல்லே இல்லை. முகத்தைச் சுளிப்பது, உம்மென்று இருப்பது, அதுதான் முதல் பொருள். முகத்தில் பிறந்ததுதான் பிறகு வானத்துக்கும் அறைகளுக்கும் பரவி இருட்டு என்று பெயர் வாங்கியது. அவர் பேனாவை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார், அதாவது அவர் இருந்த பக்கத்தைப் பார்த்தார். காலமெல்லாம் லென்ஸின் வளைவை ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்து அவர் நெற்றி, கசங்கிக் காய்ந்த துணி மாதிரி ஆகிவிட்டிருந்தது. தூங்கும்போதுகூட அது நிமிர்வதில்லை.

"உங்க மூஞ்சிதான்" என்றார்.

"என் மூஞ்சிக்கு என்ன?"

"அதுலேருந்துதான் வருது, இந்த இருட்டு."

"கல்யாணத்தன்னிக்கே இப்படித்தான் இருந்துச்சு. போட்டோவ எடுத்துப் பாரு. அன்னிக்கு இருட்டலயே."

"அன்னிக்கு லைட்டு நிறைய போட்டிருந்தாங்க."

அவர்கள் வீட்டில் சண்டை என்பது இவ்வளவுதான். அதற்குப் பின் வருவது மௌனம், அது வாரக்கணக்கில் நீளும். இந்த முறை, சில நாள் கடையிலேயே படுத்துப் பார்க்க முடியுமா என்று டிக்‌ஷனரியம்மா கேட்டார். கணவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மூஞ்சிய எடுத்துக்கிட்டுப் போறேன், சந்தோஷமா இரு" என்று இறங்கினார். கடையில் எதுவும் இருளவில்லை. ஃபிரேம்கள் கண்ணாடி அலமாரியில் எப்போதும்போல மின்னின. வீடுதான் முன்னைவிட மோசமானது. பால் பொங்குவதைக் காதால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எதிரில் இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடியா ஜன்னலா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

வேறொரு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் அழைத்தாள். "அப்பா கடையில, நீ தனியா அந்த இருட்டுல. இதெல்லாம் ஒரு குடும்பமா? பெட்டியக் கட்டிட்டு எங்கூட வந்துடும்மா. ஒரேயடியா வந்துடு."

"பரவாயில்லடி" என்றார் டிக்‌ஷனரியம்மா.

கையிலிருந்த போனின் வெளிச்சம் சட்டென்று இறங்கியது. அவர் கவனித்தார். போனை வைத்துவிட்டு, காலியான கூடத்தில் பல்புக்குக் கீழே நின்று அந்தச் சொல்லை இன்னொரு முறை சொன்னார். பல்பு மங்கியது. "சரி" என்றார், ஒன்றும் ஆகவில்லை. "போகட்டும்" என்றார், லேசாகத் துடித்து நின்றது. "பரவாயில்லை" என்றார், கூடம் கிணறானது. பொருள் எழுதுபவர் பழக்கத்தில் அந்தச் சொல்லையும் பிரித்துப் பார்த்தார். பரவா என்பது வேற்று மொழியிலிருந்து வந்து தங்கியது, கவலை என்று அதற்குப் பொருள். தமிழில் அதைத் தனியாக விட்டதே இல்லை. இல்லை என்ற வாலை ஒட்டித்தான் வைத்திருக்கிறோம். கவலை இருந்தது என்று சொல்ல அந்தச் சொல்லுக்குள் வழி கிடையாது. முகத்தில் பிறந்த இருட்டு என்று தான் எழுதியது சரிதான், முகம்தான் மாறிப்போயிற்று என்று அவருக்குப் பட்டது. சுளித்த முகத்திலிருந்து வெளியே போய்விடுகிறது. சுளிக்காத முகத்துக்குள்தான் தங்கிவிடுகிறது.

எதைச் சொல்லாமல் வைத்தோம் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தலைநகரத்தில் இருந்த ஒரு பெரிய அகராதி நிலையம் அவரை வேலைக்குக் கேட்டு, தெரிந்த ஒரே எண்ணான கடை எண்ணுக்குப் போன் செய்தது. கணவர், "அவளால வர முடியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். சாப்பிடும்போது அதைச் செய்தி போலச் சொன்னார். இவர் இன்னொரு கரண்டி பரிமாறிவிட்டு, பரவாயில்லை என்றார்.

மறுநாள் பகலில் கடைக்குப் போனார். பரிசோதனை நாற்காலியில் ஒருவர் கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு எதிர்ச்சுவர் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். டிக்‌ஷனரியம்மா உட்காரவில்லை. "அந்த போன் வந்துச்சே, அன்னிக்குப் பரவாயில்லன்னு சொன்னேன்ல" என்றார். "பரவா இருந்துச்சு. நிறைய இருந்துச்சு."

எந்தப் போன் என்று கணவர் கேட்கவில்லை. ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்க" என்றார்.

"எப்ப?"

"கொஞ்ச நாள் கழிச்சு. யோசிச்சு சொல்லுங்கன்னு. வேணாம்னுட்டேன். உங்கிட்ட சொல்லல. நீ போயிட்டா பாப்பாவ யாரு பாத்துக்கறதுன்னு நெனச்சேன். அப்புறம் பாப்பா பெரிசாயிட்டா. அப்புறம் வாய் வரல."

அப்போது கடை இருண்டது. ஃபிரேம்கள் மறைந்தன, அலமாரி மறைந்தது. நாற்காலியில் இருந்தவர் பதறிப்போய், "எழுத்தே தெரியலைங்க, என் கண்ணு போச்சா?" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "இது உங்க கண்ணு இல்ல. எங்க வீட்டு விஷயம்."

அன்று கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, மனைவி தடவித் தடவித் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"போறியா?"

"போறேன்."

"எத்தன நாள்?"

"தெரியல. இப்போதைக்குத் திரும்பறதா இல்ல."

"என்னக் கேட்டா..."

"உங்கள கேக்கல."

கணவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மாடியில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு அவர், "நான் பண்ணது தப்புதான்" என்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தச் சொல் டிக்‌ஷனரியம்மாவின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இருவருமே பல்பு இருந்த திசையைப் பார்த்தார்கள். டிக்‌ஷனரியம்மா அதைச் சொல்லவில்லை. "ஆமா, தப்புதான்" என்றார். பெட்டியின் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்பது தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்தது.

அகராதி தலைமை ஆசிரியர் பெயரில் வெளிவந்தது. அதில் க்ளூம் என்ற சொல்லுக்கு முகச்சுளிப்பு முதலிலும் இருள் பிறகும் போட்டிருக்கிறது. டிக்‌ஷனரியம்மா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதித் தன் பெயரைக் கேட்டார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எலக்ட்ரீஷியன் இப்போது பம்ப்செட் வேலை மட்டும்தான் பார்க்கிறார். மகள் ஒரு சின்ன வீடு பார்த்து அம்மாவை வைத்துக்கொண்டிருக்கிறாள். இருட்டில் பாதி டிக்‌ஷனரியம்மாவோடு போயிற்று. அவருடைய அறையில் ஜன்னலோரமாக, ஆள் உட்காரும் அளவுக்கு இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொன்ன நாட்களில் குறையும், மற்ற நாட்களில் ஏறும். மீதிப் பாதி பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. அது தன்னுடையதுதான் என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்பவர்களிடம் சொல்கிறார். தினமும் சாயந்திரம் மனைவிக்குப் போன் செய்து, அங்கே இருட்டு எப்படி இருக்கிறது என்று, மழை பெய்ததா என்று கேட்பது போலக் கேட்கிறார். அவரும் உள்ளபடி சொல்கிறார். கடைக்கு விடுமுறை வரும் நாளில் கண்ணாடிக்கடைக்காரர் பஸ் ஏறிப் போய், அந்த ஜன்னலோரத்தில் மனைவிக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குத் திரும்பி வருகிறார்.